இரண்டு ஆண்டில் வன்னிக்கென ஒரு நெல்லினம்: கணினியின் தெரிவை எவ்வளவு நம்பலாம்?

இரணைமடு இடதுகரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். வன்னியில் இரணைமடுக் குளத்தின் கீழ் இரண்டரை ஏக்கர் வயலும், வீட்டோடு சேர்ந்த மேட்டுக்காணியில் சிறிதளவு உளுந்தும் கச்சானும் செய்து வருகிறேன். மாரி மழையோடு செய்யும் காலபோகத்தில் வயல் முழுவதையும் விதைப்போம். கோடையில் செய்யும் சிறுபோகத்தில் குளத்து நீர்மட்டத்தைப் பார்த்துக் கூட்டத்தில் தீர்மானிக்கும் பங்குக்கு மட்டுமே தண்ணீர் கிடைக்கும். ஆகவே எந்தப் போகத்துக்கு எந்த நெல்லினம் என்பது எங்கள் வீட்டில் ஆண்டுக்கு இருமுறை நெடுநேரம் பேசித் தீர்க்கப்படும் விடயம்.

சென்ற மாதம் எங்கள் ஊர்ப் பொதுநோக்கு மண்டபத்தில் ஒரு கூட்டம் நடந்தது. செயற்கை நுண்ணறிவைக் கொண்டு பயிர் இனவிருத்தி செய்யும் திட்டம் ஒன்றைப் பற்றிப் பேச வந்தவர்கள், எங்கள் மண்ணுக்கும் மழைக்கும் வெயிலுக்கும் பொருந்திய நெல்லினம் ஒன்றை இரண்டே ஆண்டுகளில் உருவாக்கித் தர முடியும் என்றார்கள். போகம் முழுவதும் வயலைக் கைத்தொலைபேசியில் படம்பிடித்து அனுப்ப வேண்டும், அருவி வெட்டு முடிந்ததும் விளைச்சலைச் சொல்ல வேண்டும், வீட்டில் பழைய இனங்கள் ஏதும் பேணி வைத்திருந்தால் அதில் ஒரு பிடி விதை கொடுக்க வேண்டும். இவ்வளவுதான் எங்களிடம் கேட்டார்கள். ஒப்புதல் தாளும் தந்திருக்கிறார்கள். நான் இன்னும் கையொப்பமிடவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

2018 மார்கழி வெள்ளத்தில் என் வயல் ஆறு நாள் நீருக்குள் கிடந்தது. அந்தப் போகம் ஒரு மூடை நெல்கூட வீடு வந்து சேரவில்லை. அப்படியொரு வெள்ளத்தைத் தாங்கும் இனம் கிடைக்குமானால், கையொப்பம் என்ன, வயலில் ஒரு துண்டையே பரிசோதனைக்கு விட்டுவிடுவேன். ஆனால் வவுனிக்குளத்தின் கீழ் கமம் செய்யும் என் மைத்துனருக்கு ஏக்கருக்கு நூறு புசல் குறையாமல் கொடுக்கும் அதே விதை, என் வயலில் கதிர் முற்றும் முன்பே சாய்ந்து விடுகிறது. ஒரு மணி நேரப் பயணத் தூரத்தில் இருக்கும் இரண்டு வயல்களிலேயே ஓர் இனம் இப்படி மாறி நடக்கும்போது, எங்கோ இருக்கும் கணினி என் வயலை எப்படி அறியும் என்பது எனக்கு விளங்கவில்லை.

இரண்டு ஆண்டு என்பது நடக்கக்கூடிய காரியமா? கணினி இதில் உண்மையாகச் செய்யும் வேலை எது? நாங்கள் கொடுக்கும் படமும் கணக்கும் எதற்குப் பயன்படும்? விடயம் தெரிந்தவர்கள் விளங்கும்படி எழுதினால், எனக்கு மட்டுமன்றி அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டிருக்கும் என் ஊரவர் பலருக்கும் உதவியாக இருக்கும்.

கலப்பு நாற்றுமேடை எழுதியது:

வணக்கம். நெல் இனவிருத்தி வேலையில் நெடுங்காலம் இருந்து ஓய்வு பெற்றவன் நான். உங்கள் கேள்விக்குச் சற்று நீளமாகவே பதில் எழுத வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

'உருவாக்கித் தருவோம்' என்ற சொல்லில்தான் குழப்பம் தொடங்குகிறது. கணினி எந்த நெல்லையும் உருவாக்குவதில்லை. பூ விரியும் முன்பே உமியின் நுனியைக் கத்தரித்து, உள்ளிருக்கும் மகரந்தப் பைகளை அகற்றி, இன்னொரு செடியின் மகரந்தத்தை அதன்மேல் தட்டிக் கலப்புச் செய்வது இன்றும் மனிதக் கையின் வேலையே. 1958 இல் வெளிவந்த எச் 4 இனத்துக்காக முருங்கக்காயன் 302 என்ற நம் நாட்டு இனத்தையும் மாஸ் என்ற இனத்தையும் கலந்தபோதும் நடந்தது இதுதான். கலப்பில் பிறக்கும் ஆயிரக்கணக்கான பிள்ளைகளுள் எதை வைத்துக்கொள்வது, எதைக் கைவிடுவது, எதை எதனோடு மீண்டும் கலப்பது என்ற தெரிவில்தான் கணினி உதவுகிறது. அது சிறிய உதவி அன்று. அந்தத் தெரிவில்தான் எங்களைப் போன்றவர்களின் வாழ்நாளில் பெரும்பகுதி கழிந்தது.

கலப்பின் முதற்சந்ததிச் செடிகள் எல்லாம் ஒன்றுபோல இருக்கும். இரண்டாம் சந்ததியில் அவை பிரிந்து, ஒன்று உயரமாகவும் ஒன்று குட்டையாகவும், ஒன்று மூன்று மாதத்திலும் ஒன்று நான்கு மாதத்திலும் விளையும். நெல் தன் மகரந்தத்தாலேயே கருக்கட்டும் பயிர் என்பதால், இந்தக் கலப்புத்தன்மை சந்ததிக்குச் சந்ததி பாதியாகக் குறைந்து, ஆறாம் சந்ததியில் நூற்றுக்கு மூன்று அளவுக்கு வந்துவிடும். அதன் பின்னர்தான் விளைச்சலை நம்பி அளக்க முடியும். அளப்பதும் ஓரிடத்தில் ஒரு போகத்தோடு முடிவதில்லை; பல இடங்களில் பல போகங்கள் அளந்து, தேறியதை விதையாகப் பெருக்கிக் கமக்காரர் கைக்குக் கொடுக்க ஏறத்தாழ பத்து ஆண்டுகள் ஆகிவிடும்.

இந்தக் காலத்தைக் குறைக்கும் வழியை 2001 இல் மியூவிசன், ஹேய்ஸ், கொடார்ட் என்ற மூன்று ஆய்வாளர்கள் எழுதினார்கள். அது முதலில் பெரும் பயன் தந்தது பயிரில் அல்ல, மாட்டில். ஒரு நாம்பன் கன்று நல்ல பால்மாடுகளைத் தருமா என்று அறிய, முன்பெல்லாம் அது வளர்ந்து, அதற்குப் பிறந்த பசுக்கள் கன்று ஈன்று பால் கறக்கும் வரை காத்திருக்க வேண்டும். புதிய முறையில், ஏற்கெனவே பால் அளவு பதிவான ஆயிரக்கணக்கான மாடுகளின் டிஎன்ஏ அடையாளங்களைக் கணினிக்குக் கொடுத்து, எந்த அடையாளம் எவ்வளவு பாலோடு சேர்ந்து வருகிறது என்று அதைக் கணிக்கச் செய்கிறார்கள். பிறகு, பிறந்த சில நாட்களான கன்றின் இரத்தத்தையோ மயிரையோ சோதித்தாலே அதன் பெறுமதியை ஓரளவு மதிப்பிடலாம். அமெரிக்காவில் 2009 முதல் ஹோல்ஸ்டீன் மாடுகளுக்கு இது உத்தியோகபூர்வமாகவே கைக்கொள்ளப்படுகிறது. அங்கே காளைகளைத் தெரியும் தலைமுறை இடைவெளி ஏழு ஆண்டளவில் இருந்து மூன்றுக்கும் கீழே வந்துவிட்டது. நெல்லிலும் வழி இதுவேதான். நாற்றின் இலையில் ஒரு துண்டைக் கிள்ளிச் சோதித்து, அது விளையும் முன்பே விளைச்சலை மதிப்பிட முனைகிறோம்.

இந்த மதிப்பீடு வயலில் அளப்பதைவிடத் திருத்தமானது என்று எண்ணிவிடாதீர்கள். பெரும்பாலும் அது திருத்தம் குறைந்ததே. ஆனாலும் வேகத்தில் அதற்கு இலாபம் இருக்கிறது. ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். மதிப்பீடு உண்மையோடு முழுதாக ஒத்துப்போனால் திருத்தம் 1 என்று வையுங்கள். வயலில் அளந்து தெரிவதன் திருத்தம் 0.7 என்றும், ஒரு சுற்றுக்கு நான்கு ஆண்டு என்றும் கொள்வோம். கணினியின் திருத்தம் 0.5 தான், ஆனால் இரண்டு ஆண்டில் ஒரு சுற்று முடிகிறது. ஆண்டுக்கணக்கில் வகுத்தால் முதலாவது 0.175, இரண்டாவது 0.25. தெரிவின் கடுமையும் பெற்றோரின் பல்வகைமையும் ஒன்றாக இருக்கும்வரை, குறைந்த திருத்தத்தோடு விரைந்து செல்பவரே முன்னால் போவார்.

இனி உங்கள் வெள்ளத்துக்கு வருகிறேன். நீரில் மூழ்கினாலும் தாங்கும் பண்பு ஒடிசாவின் எஃப்ஆர் 13ஏ என்ற பழைய இனத்தில் இருந்து வந்தது. அதற்குக் காரணமான சப்-1 பகுதியை ஒன்பதாம் நிறமூர்த்தத்தில் கண்டறிந்து, சுவர்ணா என்ற இனத்துக்குள் மீள்கலப்பால், அதாவது அந்த இனத்தோடே திரும்பத் திரும்பக் கலந்து, ஏற்றி, 2009 இல் இந்தியாவில் வெளியிட்டார்கள். இரண்டு வாரம் வரை முழுதாக மூழ்கினாலும் அது மீண்டும் துளிர்க்கும். இதற்கு நுண்ணறிவு எதுவும் தேவைப்படவில்லை. ஒரு பெரிய பரம்பரையலகைப் பின்தொடர ஓர் அடையாளமே போதுமானதாக இருந்தது. பூநகரிப் பக்கத்து உவர் நிலத்துக்குத் தேவையான, நாற்றுப் பருவத்தில் உவரைத் தாங்கும் சக்தியிலும் முக்கியமான பங்கு கேரளத்தின் பொக்காளி நெல்லில் உள்ள சால்ரோல் என்ற ஒரு பகுதியில் அடங்கியிருக்கிறது. விளைச்சல் அப்படியன்று. நூற்றுக்கணக்கான சிறு காரணங்கள் சேர்ந்து அதைத் தீர்மானிப்பதால், தனித்தனியாகப் பின்தொடர முடியாது. கணினியின் இடம் அங்கேதான். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சப்-1 காப்பாற்றுவது பக்கத் தண்டுகள் விடும், அதாவது மட்டம் வெடிக்கும் பருவத்துப் பயிரை. கதிர் தண்டுக்குள் இருக்கும் குடலைப் பருவத்திலும் பூக்கும் பருவத்திலும் வரும் வெள்ளத்துக்கு அதை நம்ப முடியாது. உங்கள் வயல் 2018 இல் எந்தப் பருவத்தில் மூழ்கியது என்பது நினைவிருக்கிறதா?

இரண்டு ஆண்டு என்ற கணக்கைப் பற்றியும் ஒரு சொல். கோதுமைக்கு நாளொன்றுக்கு 22 மணி நேர வெளிச்சம் கொடுத்து ஆண்டுக்கு ஆறு சந்ததி வரை எடுக்கலாம் என்று 2018 இல் காட்டினார்கள். நெல் பகற்பொழுது குறுகும்போது பூக்கும் குறும்பகற் பயிராதலால் அதே வெளிச்சம் அதற்கு உதவாது. நெருக்கமாகத் தட்டுகளில் நட்டு, சிறிதளவு மண்ணில் விரைவாகக் கதிர்விடச் செய்து, ஆண்டுக்கு மூன்று நான்கு சந்ததி எடுப்பதுண்டு. அப்படியே கொண்டாலும் ஆறு சந்ததிக்கே ஒன்றரை ஆண்டுக்கு மேல் ஆகிவிடும். மிஞ்சும் மாதங்களில் காலபோகம் ஒன்றைத்தான் காணலாம். ஒரு காலபோகத்தை மட்டும் கண்ட நெல்லை 'உங்கள் மண்ணுக்கு ஏற்றது' என்று நான் சொல்ல மாட்டேன். ஐந்து ஆறு ஆண்டு என்று அவர்கள் சொல்லியிருந்தால் மறுத்திருக்கவும் மாட்டேன்.

இரணைமடு இடதுகரை எழுதியது:

ஐயா, மிக்க நன்றி. மாட்டுக் கணக்கு நன்றாக விளங்கியது. எங்கள் வயலில் அப்போது கதிர் வெளிவரத் தொடங்கிய நிலை, ஐப்பசி முற்பகுதியில் விதைத்தது. அப்படியானால் சப்-1 இருந்திருந்தாலும் எனக்கு உதவியிருக்காது போலத் தெரிகிறது.

ஒன்று மட்டும் இன்னும் பிடிபடவில்லை. கணினி கற்றுக்கொள்வது முன்னரே அளந்த வயல்களில் இருந்துதானே? அந்த வயல்கள் எங்கோ இருந்தால், அது கற்றது என் வயலுக்கு எவ்வளவு பொருந்தும்?

கலப்பு நாற்றுமேடை எழுதியது:

குறைவாகவே பொருந்தும். இந்த முழுப் பேச்சிலும் முக்கியமான இடத்தைத் தொட்டுவிட்டீர்கள்.

நெல் ஆராய்ச்சி நிலையம் உள்ள பத்தலகொடை இடை வலயத்தில் இருக்கிறது, நாம் உலர் வலயத்தில் இருக்கிறோம். பூக்கும் வேளையில் வெப்பம் 35 பாகையைத் தாண்டினால் நெல் பதராகத் தொடங்கும். சிறுபோகத்து நம் வெயிலையும் கச்சான் காற்றையும் காணாத வயல்களில் மட்டும் கற்ற கணினிக்கு இந்தப் பதர் தெரியாது. உங்கள் மைத்துனருக்கு விளையும் இனம் உங்களிடம் சாய்வதும் இந்த வகையைச் சேர்ந்ததே. இனத்துக்கு ஒரு குணம், இடத்துக்கு ஒரு குணம் என்று இரண்டையும் கூட்டினால் விடை வந்துவிடாது. இனமும் இடமும் ஒன்றோடொன்று பொருதும்போது எழும் மூன்றாவது குணமொன்று உண்டு. அதை அறிய அந்த இடத்தில் விதைத்துப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

எதையும் குறிக்காமல் விளைச்சலை மட்டும் கொடுப்பதில் உள்ள ஆபத்துக்கு ஓர் உதாரணம் நம் கண்முன்னே இருக்கிறது. 2021 இல் இரசாயனப் பசளை இறக்குமதி நிறுத்தப்பட்ட பின் வந்த காலபோகத்தில் விளைச்சல் எங்கும் விழுந்தது. அந்தப் போகத்தில் புதிதாக ஓர் இனத்தை விதைத்தவர், பசளை கிடைத்ததா இல்லையா என்று குறிக்காமல் புசல் கணக்கை மட்டும் கொடுத்திருந்தால், கணினி அந்த இனத்தைச் சோடையான இனம் என்று எழுதி வைத்துவிடும். பசளையின் குறையை விதையின் தலையில் கட்டியதாகிவிடும். அது ஒருமுறை அப்படிக் கற்றுவிட்டால், அந்த இனத்தின் பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் ஒதுக்கிக்கொண்டே போகும்.

பம்பைமடு எழுதியது:

ஐயா எழுதியவற்றோடு, கணினிப் பக்கத்தில் நின்று சிலவற்றைச் சேர்க்க விரும்புகிறேன். நான் வவுனியாவைச் சேர்ந்தவள். பிரயோக கணிதம் படித்து, இப்போது தரவுப் பகுப்பாய்வு வேலை செய்கிறேன். வீட்டில் இன்றும் உளுந்து விதைக்கிறோம்.

முதலில் படங்களைப் பற்றி. இலையின் படத்தைப் பார்த்து நோயைச் சொல்லும் கணினிக்காகப் பிளான்ட்வில்லேஜ் என்ற பெயரில் 54,306 படங்களைத் திரட்டியிருந்தார்கள். 2016 இல் வெளிவந்த ஆய்வில், அதே தொகுப்பில் ஒதுக்கி வைத்த படங்களுக்குக் கணினி 99.35 வீதம் சரியான விடை சொன்னது. வேறு இடங்களில் எடுத்த படங்களைக் காட்டியபோது அது 31 வீத அளவுக்கு இறங்கிவிட்டது. அந்தத் தொகுப்பின் படங்கள் இலையைப் பறித்து, ஒரே மாதிரியான பின்னணியில் வைத்து எடுத்தவை. வயலில் எடுக்கும் படத்தில் சேறு இருக்கும், வரம்பின் நிழல் இருக்கும், காலைப் பனி இருக்கும், பக்கத்தில் பன்றிநெல்லும் நிற்கும். ஆகவே படம் கேட்கிறார்கள் என்றால் அது நல்ல அறிகுறியே அண்ணா. நம் வயலின் சேற்றையும் நிழலையும் கணினிக்குக் காட்டாவிட்டால், அது நம் வயலில் குருடாகவே இருக்கும். ஆனால் எந்தத் திகதி, விதைத்து எத்தனையாம் நாள், எந்த இனம் என்று படத்தோடு எழுதாவிட்டால், ஆயிரம் படம் அனுப்பினாலும் பயன் மிகவும் குறைவு.

அடுத்தது உகப்பாக்கம். கூட்டத்தில் இந்தச் சொல் அடிபட்டிருக்கும். உங்கள் காதில் விழாமல் போயிருக்கலாம். செயற்கை நுண்ணறிவு 'இந்த நெல் எவ்வளவு விளையும்' என்று மதிப்பிடுகிறது. உகப்பாக்கம் 'இருக்கும் காசுக்கும் காணிக்கும் எதைச் செய்தால் மிகுந்த பயன்' என்று கணிக்கிறது. கையில் 200 நல்ல வரிசைகள், அதாவது கலப்பில் இருந்து பிரித்தெடுத்து நிலைப்படுத்திய நெல் வகைகள், இருந்தால், அவற்றுள் இரண்டிரண்டாகக் கலக்க 19,900 வழிகள் உண்டு. ஒரு நிலையத்தால் ஒரு போகத்தில் நாற்பது ஐம்பது கலப்புச் செய்ய முடியும் என்றால், எந்த நாற்பது என்பதை மனக்கணக்கால் தீர்க்க முடியாது. 2015 இல் சின்ஜென்டா நிறுவனம் தன் சோயா அவரை இனவிருத்தியை இப்படிக் கணிதத்தால் மாற்றி அமைத்ததற்காக ஃபிரான்ஸ் எடெல்மன் விருதைப் பெற்றது. அதாவது இது ஆய்வுகூடத்துக் கனவு அல்ல. நடைமுறையில் உள்ள தொழில்.

என்னை மிகவும் கவர்ந்தது வயல் ஒதுக்கும் கணக்கு. 300 வரிசைகளைப் பரந்தன், முருங்கன், வவுனியா, முத்தையன்கட்டு என்று நான்கு இடங்களில், இடத்துக்கு இருமுறை விதைத்துப் பார்க்க 2,400 பாத்திகள் வேண்டும். அவ்வளவுக்கு யாரிடமும் ஆளும் காசும் இல்லை. ஆனால் டிஎன்ஏ அடையாளத்தால் எந்த வரிசைக்கு எது நெருங்கிய உறவு என்று தெரிந்திருந்தால், எல்லாவற்றையும் எல்லா இடத்திலும் விதைக்க வேண்டியதில்லை. உடன்பிறந்தவற்றுள் ஒன்றைப் பரந்தனிலும் மற்றதை முருங்கனிலும் விதைத்து, ஒன்றின் விளைச்சலைக் கொண்டு மற்றதையும் மதிப்பிடலாம். 600 பாத்திகளைக் கொண்டே பெரும்பாலான செய்தியை எடுத்துவிடலாம். இப்படிப் பாத்திகளைப் பரப்பும்போது, நிலையத்துக்குள் மட்டுமன்றி அண்ணாவின் இரண்டரை ஏக்கரிலும் பத்துப் பாத்தி வைக்க இடமுண்டு. வன்னிக்கு இந்தத் தொழில்நுட்பம் ஏதும் நன்மை செய்யுமானால் அது இந்த வழியாகத்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. விளைச்சலை மட்டும் உச்சமாக்கு என்று கணினியிடம் சொன்னால், அது மிகச் சிறந்த நாலைந்து பெற்றோரையே திரும்பத் திரும்பத் தெரிந்து, சில சுற்றுகளில் எல்லா வரிசைகளையும் ஒரே குடும்பமாக்கிவிடும். 1970 இல் அமெரிக்காவில் சோளச் செய்கையின் பெரும்பகுதி ஒரே வகைக் குழியவுருவை (கலத்தினுள் கருவைச் சூழ்ந்திருக்கும் பகுதி) கொண்டிருந்ததால், இலை வெளிறல் நோய் ஒன்று பரவி நாட்டின் விளைச்சலில் ஏறத்தாழ 15 வீதத்தை ஒரே போகத்தில் கொண்டுபோனது. உறவு நெருக்கம் இவ்வளவைத் தாண்டக்கூடாது என்ற கட்டுப்பாட்டையும் கணக்கில் எழுதினால் இதைத் தவிர்க்கலாம். திட்டக்காரரிடம் அந்தக் கட்டுப்பாடு இருக்கிறதா என்று கேளுங்கள். பதில் சொல்லத் தடுமாறினால் அதுவே ஒரு விடைதான்.

பூநகரி மேட்டுவெளி எழுதியது:

பிள்ளைகள் எழுதியதை எல்லாம் என் பேரனை வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். அவனே இதையும் நான் சொல்லச் சொல்லத் தட்டச்சு செய்கிறான்.

நான் மானாவாரியாக மொட்டைக்கறுப்பன் விதைப்பவன். ஏக்கருக்கு எவ்வளவு என்று கேட்டால், புதிய இனத்தின் பாதியும் வராது. ஆனாலும் விடவில்லை. அந்த வைக்கோல் உயரமாக வரும், கோடையில் மாடுகளுக்கு அதுதான் சாப்பாடு. அந்த அரிசியில் புட்டு அவித்தால் மாலை வரை இறுகாது, கஞ்சி குடித்தால் மதியம் வரை பசி எடுக்காது. பசளை வாங்கக் காசில்லாத ஆண்டிலும் அது ஏதாவது தரும். இறுதிப் போர்க்கால இடப்பெயர்வில் விதைக்கென்று வைத்திருந்த ஒன்பது மூடையையும் விட்டுவிட்டுப் போனோம். திரும்பி வந்தபோது வீடும் இல்லை, விதையும் இல்லை. குடாநாட்டில் இருந்த என் தமக்கையாரின் வீட்டில் ஒரு கடகம் நெல் மிஞ்சியிருந்தது. அதிலிருந்து பெருக்கியதுதான் இன்று இந்த வெளியில் நாலைந்து பேர் விதைப்பது.

இப்போது என் கேள்வி இது. கணினிக்கு எது நல்ல நெல் என்று யார் சொல்லிக்கொடுக்கிறார்கள்? புசல் கணக்கு மட்டும்தான் நன்மை என்று சொல்லிக்கொடுத்தால், அது என் நெல்லைக் குப்பை என்றுதான் சொல்லும். கணினியில் பிழை இல்லை. கேட்டவர்களுடைய கேள்வியில் வைக்கோலும் இல்லை, மாடும் இல்லை, கஞ்சியும் இல்லை. ஒரு பிடி விதை கொடுப்பதும் எனக்குப் பெரிதல்ல தம்பி, எங்கள் ஊரில் விதை கேட்டு வந்தவரை யாரும் வெறுங்கையோடு அனுப்பியதில்லை. ஆனால் வாங்கியவர் அதைப் பிறகு எனக்கே விலைக்கு விற்பாரா என்பதை அறிந்துதான் கொடுப்பேன்.

கலப்பு நாற்றுமேடை எழுதியது:

ஐயா, நீங்கள் கேட்ட கேள்வியை நாங்கள் பணியில் இருந்த காலத்தில் போதிய அளவுக்குக் கேட்கவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். தெரிவுச் சுட்டி என்று ஒன்று உண்டு. ஒவ்வொரு பண்புக்கும் ஒரு நிறை கொடுத்து, அவற்றைக் கூட்டி வரும் எண்ணை வைத்தே எந்தச் செடி தேறியது என்று தீர்மானிப்போம். விளைச்சலுக்கு எட்டு, முதிர்வுக் காலத்துக்கு ஒன்று, நோய்த் தாங்குதிறனுக்கு ஒன்று என்று வைத்தால் ஒரு நெல் வெல்லும்; வைக்கோலுக்கும் சிவப்புப் புழுங்கலின் சமையல் தரத்துக்கும் இரண்டிரண்டு கொடுத்தால் வேறொரு நெல் வெல்லும். இந்த நிறைகளைக் கணினி கண்டுபிடிப்பதில்லை. யாரோ ஒருவர் மேசையில் இருந்து எழுதிக் கொடுக்கிறார். எவ்வளவு நுட்பமான கணினிக் கணிப்பும் அதன் பின்னர்தான் ஓடத் தொடங்கும்.

ஆகவே தம்பி, அந்தத் தாளில் கையொப்பமிடுவதற்கு முன் உங்கள் கமக்கார அமைப்பில் ஒரு மாலை இருந்து, எந்தப் பண்புக்கு எவ்வளவு நிறை என்று பேசி எழுதுங்கள். பெண்களையும் கேளுங்கள். அவித்துக் குத்தும்போது குறுநொய் எவ்வளவு வருகிறது என்பதை அவர்களே அறிவார்கள். அதை எழுத்தில் கொடுத்து, தெரிவில் சேர்த்துக்கொள்வார்களா என்று கேளுங்கள்.

விதையைப் பற்றி: 2001 இல் ஏற்றுக்கொள்ளப்பட்டு 2004 இல் நடைமுறைக்கு வந்த, உணவுக்கும் விவசாயத்துக்குமான தாவர மரபுவளங்கள் பற்றிய சர்வதேச உடன்படிக்கையின் ஒன்பதாம் உறுப்புரை, கமக்காரரின் உரிமைகளை வெளிப்படையாகவே பேசுகிறது. பாரம்பரிய அறிவைப் பாதுகாப்பதும், பயனில் நியாயமான பங்கும், தீர்மானத்தில் கலந்துகொள்வதும் அதில் உண்டு. ஆனால் உங்கள் ஊரில் அதற்கு உயிர் கொடுப்பது உங்கள் கையில் இருக்கும் தாளின் வாசகங்கள்தான். கொடுத்த விதையும் அதிலிருந்து பிறந்தவையும் கேட்டால் திரும்பக் கிடைக்குமா, வயல் கணக்கின் பிரதி உங்களிடமும் இருக்குமா, வேறொருவருக்குக் கொடுப்பதாயின் உங்களைக் கேட்பார்களா என்ற மூன்றும் எழுத்தில் இருக்க வேண்டும். பூநகரி ஐயா, உங்கள் மொட்டைக்கறுப்பனில் ஒரு பகுதியைக் கன்னொறுவையில் உள்ள தாவர மரபுவள நிலையத்திலும் வைப்பிலிட முடியுமா என்று விசாரியுங்கள். ஒரு கடகத்தை மட்டும் நம்பியிருக்கும் நிலை இன்னொரு முறை வர வேண்டாம்.

இரணைமடு இடதுகரை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. வரும் ஞாயிற்றுக்கிழமை கமக்கார அமைப்புக் கூட்டத்தில் நிறைகளைப் பற்றிப் பேச ஒழுங்கு செய்துவிட்டேன். சாயாத தன்மைக்கு நான் கூடுதலாகக் கேட்பேன். என் மனைவி சமையலுக்குக் கேட்பதாகச் சொல்லியிருக்கிறார். மூன்று வாசகங்களையும் சேர்க்கச் சம்மதித்தால் கையொப்பமிட்டு, வாய்க்காலுக்கு அண்மையில் உள்ள துண்டில் பத்துப் பாத்திக்கு இடம் கொடுப்பேன். தங்கச்சி சொன்னபடி விதைத்த திகதி, விதையின் அளவு, பசளை இட்ட நாள், தண்ணீர் விட்ட நாள், அறக்கொட்டியான் பூச்சி கண்ட நாள் என்று கொப்பியில் கோடு போட்டுவிட்டேன்.

விளைச்சலை எழுதும் இடத்தில் மட்டும் கை நின்றுவிட்டது. நான் சில ஆண்டு வெட்டிய உடனே ஈரத்தோடு நிறுக்கிறேன், சில ஆண்டு வீதியில் காயவிட்ட பின் நிறுக்கிறேன். மைத்துனர் மூடைக் கணக்கில் சொல்வார். இவற்றை எப்படி ஒன்றாக்குவது?

கலப்பு நாற்றுமேடை எழுதியது:

மூடைக் கணக்கை விட்டுவிடுங்கள். மூடைக்கு மூடை நிறை வேறு. எப்போது நிறுத்தாலும் அந்த நேரத்து ஈரப்பதனையும் சேர்த்து எழுதுங்கள். ஈரமானி உங்களிடம் இல்லாவிட்டால், நெல் வாங்குபவர்களிடம் இருக்கும். பிறகு எல்லாவற்றையும் 14 வீத ஈரப்பதனுக்குக் கொண்டுவருவோம். நூறில் இருந்து ஈரப்பதனைக் கழித்து, வந்ததை 86 ஆல் வகுத்து, அதனால் நிறையைப் பெருக்க வேண்டும். ஒரு சதுர மீற்றரில் வெட்டிய நெல் 22 வீத ஈரத்தில் 500 கிராம் என்றால், 78 ஐ 86 ஆல் வகுத்து 500 ஆல் பெருக்க 453 கிராம் வரும். அதாவது ஹெக்டயருக்கு நாலரைத் தொன். ஒவ்வொரு துண்டிலும் ஓரத்தை விட்டு, நடுவில் மூன்று இடங்களில் ஒவ்வொரு சதுர மீற்றர் வெட்டுங்கள். வரம்போரத்துப் பயிர் வெளிச்சமும் பசளையும் கூடுதலாகப் பெற்று எப்போதும் அதிகமாகவே காட்டும். மூன்றையும் தனித்தனியாக எழுதுங்கள், கூட்டிச் சராசரியாக்க வேண்டாம்; மூன்றுக்கும் இடையில் உள்ள வேறுபாடும் எங்களுக்கு வேண்டும்.